துபாய்க்கு மதுரையா, திருச்சியா, சென்னையா? கீழக்கரையிலிருந்து ஒரு கணக்கு

சபர் (வெளிநாட்டுப் பயணம்) கிளம்பும் வீட்டில் டிக்கெட் பேச்சு வந்தாலே, "சென்னையில ஏறினா சீக்கிரம் போயிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். வானத்தில் அப்படி ஒரு லாபமே இல்லை. துபாய்க்கு நேர்க்கோட்டில் மதுரையிலிருந்து சுமார் 2,950 கிலோமீட்டர், திருச்சியிலிருந்து 2,940, சென்னையிலிருந்து 2,930. துபாயை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டால் மூன்று ஊரும் அதன் மேலேயே விழும். எங்கே ஏறினாலும் நாலு, நாலேகால் மணி நேரப் பயணம்தான்.

டிக்கெட்டில் மணியைப் பார்த்து ஏமாற வேண்டாம். பகல் 12 மணிக்குக் கிளம்பி 2.45க்கு இறங்குவதாகப் போட்டிருந்தால் அந்த 2.45 துபாய் நேரம். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். திரும்பும்போது இதே ஒன்றரை மணி கூடிவிடும்: துபாய் நேரம் இரவு 10க்கு ஏறினால், நாலு மணி நேரம் பறந்து, இறங்கும்போது நம்மூரில் விடியற்காலை மூன்றரை.

ஆக, வித்தியாசம் முழுக்கத் தரையில்தான். கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை வழியாக மதுரை விமான நிலையம் சுமார் 130 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். விரகனூரில் ரிங் ரோட்டைப் பிடித்துவிட்டால் ஊர் நெரிசலுக்குள் போகவே வேண்டாம். திருச்சி என்றால் தேவகோட்டை ரஸ்தா, காரைக்குடி, புதுக்கோட்டை என்று கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், நாலு மணி நேரம் ஆகும். அங்கேயும் ஒரு வசதி, விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே, நகருக்கு முன்னாலேயே வந்துவிடும். சென்னைக்கு ஒரு ராத்திரி முழுக்க ரயில். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் போனால் விமான நிலையம் எதிரே. பெட்டி குறைவாக உள்ள இளைஞருக்குச் சரி. வயதான வாப்பா, உம்மாவை அப்படி அனுப்ப எனக்கு மனசு வராது.

மதுரையிலிருந்து நேரடி விமானம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், எடுத்துவிடுங்கள். மதுரையின் குறை, நேரடிச் சேவை குறைவு என்பதுதான். அதனால் மலிவாகத் தெரியும் டிக்கெட் பல நேரம் வேறு ஊரில் மாறிப் போவதாக இருக்கும். கொழும்பு வழியை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து கொழும்புக்கு நேர்க்கோடு போட்டால் அது சாயல்குடிப் பக்கம் கடலில் இறங்குகிறது. அதாவது, காரில் மதுரை வரை போய், நம் ராமநாதபுரம் கரைக்கே திரும்பிப் பறக்கிறோம்! கொழும்பிலிருந்து துபாய் இன்னும் 3,290 கிலோமீட்டர். நடுவில் காத்திருக்கும் நேரம் வேறு. இதற்குத் திருச்சிக்குக் கூடுதலாக ஒன்றரை மணி நேரம் காரில் போய் நேரடி விமானம் ஏறுவது எவ்வளவோ மேல்.

தொண்டி, திருவாடானைப் பக்கத்தவர்களுக்குக் கணக்கே மாறும். அவர்களுக்குத் தேவகோட்டை, காரைக்குடி வழியாகத் திருச்சிச் சாலை கைக்கெட்டும் தூரம். சிவகங்கை வழி மதுரை கொஞ்சம் கிட்டம்தான் என்றாலும், நான் அங்கே இருந்தால் முதலில் திருச்சி டிக்கெட்டைத்தான் பார்ப்பேன்.