மூன்று வருடமாக ஆன்லைனில் வேலை தேடித் தருகிறோம்: எது ஓடியது, எது படுத்துக்கொண்டது

திண்டுக்கல்லில் ஒரு சின்ன அறக்கட்டளை. பெயர் வேண்டாம். முழுநேர ஆட்கள் இரண்டு பேர், ஒரு வாடகை அறை, நீல அட்டை போட்ட நீளமான பதிவேடு. வேலை கேட்டு வருகிறவர்களின் பெயர், படிப்பு, ஊர் எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, வேடசந்தூர் பக்கத்து மில்கள், டவுன் ஜவுளிக்கடைகள், ஆஸ்பத்திரி, திருப்பூர் பனியன் கம்பெனி என்று ஆள் கேட்கும் இடங்களில் சேர்த்துவிடுவார்கள். வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

நான் கணினி வேலை பார்ப்பவன். 2022-ல் அங்கே பொறுப்பில் இருக்கும் அக்கா, “இதையெல்லாம் ஆன்லைன்ல பண்ணித் தர முடியுமா தம்பி?” என்று கேட்டபோது இரண்டு சனிக்கிழமையில் முடிகிற வேலை என்று நினைத்தேன். மூன்று வருடம் தாண்டிவிட்டது, இன்னும் சனிக்கிழமைகள் போய்க்கொண்டிருக்கின்றன. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் கூகுள் ஃபார்ம், அதாவது போனிலேயே நிரப்புகிற படிவம். பெருமையாக 22 கேள்விகள் போட்டேன். கடைசிக் கேள்வியில் சான்றிதழைப் பதிவேற்ற வேண்டும். ஒருவரும் முடிக்கவில்லை. ஏன் என்று புரியவே ஒரு வாரம் ஆனது. ஃபார்மில் கோப்பு பதிவேற்றும் கேள்வி ஒன்று இருந்தாலே, நிரப்புகிறவர் கூகுள் கணக்கில் உள்நுழைந்தாக வேண்டும். ஒட்டன்சத்திரத்திலிருந்து நேரில் வந்த ஒரு பெண் போனை என்னிடம் நீட்டினார். அதிலிருந்த கணக்கின் பெயர் ஏதோ ஒரு மொபைல் கடையின் பெயர். போன் வாங்கிய அன்று கடைப் பையனே ஜிமெயில் போட்டுக் கொடுத்திருக்கிறான். பாஸ்வேர்டு அவனுக்குத்தான் தெரியும், அதுவும் ஞாபகம் இருந்தால். அன்றைக்கே அந்தக் கேள்வியைத் தூக்கினேன். சான்றிதழை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் போதும் என்றோம். 22 கேள்வி ஆறாகச் சுருங்கியது. அதன் பிறகுதான் ஃபார்ம் நிரம்ப ஆரம்பித்தது.

பழைய பதிவேட்டை கூகுள் ஷீட் என்ற ஆன்லைன் அட்டவணையில் ஏற்றியதில் இன்னொரு அடி. புதிய ஷீட் அமெரிக்க முறையில் தேதியை எடுத்துக்கொண்டது: மாதம் முன்னால், நாள் பின்னால். நவம்பர் 5-ல் பிறந்த பெண்ணுக்கு 05/11/2004 என்று தட்டினால், அது மே 11 ஆகிவிடும். சிவப்புக்கோடு, எச்சரிக்கை எதுவும் கிடையாது. ஆகஸ்டில் அந்தப் பெண்ணுக்கு 18 முடிந்ததாக ஷீட் காட்டியது, அனுப்பிவைத்தோம். மில் வாசலில் ஆதாரைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பஸ் செலவு, ஒரு நாள் அலைச்சல், அம்மாவிடம் திட்டு, எல்லாம் என் கணக்கில். ஷீட்டின் அமைப்புகளில் நாட்டை இந்தியா என்று மாற்றிவிட்டுத்தான் முதல் பெயரையே ஏற்றியிருக்க வேண்டும்.

இதெல்லாம் சரிசெய்யக்கூடிய தப்புகள். நான் அடியோடு தப்பாக நினைத்த விஷயம் வேறு. ஓர் ஆள், ஒரு போன், ஒரு நம்பர் என்ற நினைப்பில் எல்லாவற்றையும் கட்டினேன். ஷீட்டில் ஒரே நம்பர் இரண்டு முறை வந்தால் இரட்டைப் பதிவு என்று நீக்கும்படி வைத்திருந்தேன். ஒரு வீட்டில் மூத்தவளும் தங்கையும் அப்பாவின் நம்பரில் பதிந்திருந்தார்கள். தங்கை காணாமல் போனாள். ஒரு வீட்டில் மாமியார், மருமகள் இருவருமே போயிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

நேர்காணலுக்குக் கூப்பிட்டால், “போன் அவர்கிட்ட இருக்குண்ணே, ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு காலைலதான் வருவாரு” என்று அந்தப் பெண் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பிறகு சொல்வார். இன்று எங்கள் ஷீட்டில் நம்பருக்கு அடுத்த கட்டத்தின் தலைப்பு, “போன் யாருடையது?” அதற்கடுத்தது, “எத்தனை மணிக்குக் கையில் இருக்கும்?” நான் செய்த மென்பொருள் வேலையிலேயே உருப்படியானது இந்த இரண்டு கட்டங்கள்தான். இரண்டும் அக்கா சொன்னவை.

வாட்ஸ்அப் கதை தனி. முதலில் குரூப் ஆரம்பித்தோம். குரூப்பில் எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரியும். மூன்றாம் நாள் ராத்திரி சில பெண்களுக்குத் தெரியாத நம்பரிலிருந்து “ஹாய்” வர ஆரம்பித்தது. கலைத்துவிட்டோம். அடுத்து பிராட்காஸ்ட் லிஸ்ட்: ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஒரு லிஸ்டில் 256 பேர் வரைதான், அதிலும் நம் நம்பரைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே போகும். பாதிப் பேர் சேமிக்கவில்லை. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வாட்ஸ்அப் சேனல் வந்தது: நாம் அறிவிப்போம், மற்றவர்கள் பின்தொடர்ந்து பார்ப்பார்கள். பின்தொடர்கிறவர்களின் நம்பர் ஒருவருக்கொருவர் தெரியாது. அன்றிலிருந்து வேலை அறிவிப்புகள் சேனலில்தான், தனிப்பேச்சு தனி நம்பரில். மூன்று வருடத்தில் நான் குறையில்லாமல் சிபாரிசு செய்வது இது ஒன்றைத்தான். ஒன்று மட்டும் கவனம்: அறிவிப்பை நீளமாக எழுதாதீர்கள். அக்காவின் 40 விநாடிக் குரல் பதிவைக் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம்.

பெயர் கொஞ்சம் பரவியதும் திருட்டும் வந்தது. எங்கள் போஸ்டரை அப்படியே எடுத்து, கீழே வேறு நம்பர் போட்டு, பதிவுக் கட்டணம் 500 ரூபாய் ஜிபே பண்ணச் சொல்லி யாரோ சுற்றுக்கு விட்டார்கள். இரண்டு பேர் கட்டிவிட்டு எங்களிடம் வந்து அழுதார்கள். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுக்க வைத்தோம். இப்போது ஒவ்வோர் அறிவிப்பின் முதல் வரியும், குரல் பதிவின் முதல் வாக்கியமும், “நாங்கள் யாரிடமும் காசு வாங்குவதில்லை.” ஆதார் நகல் கேட்பதையும் அப்போதே நிறுத்தினோம். தேவைப்பட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதும். அதை இறக்கவும் ஓடிபி வேண்டும், ஓடிபி மகன் போனுக்குப் போகும். அதே கதை.

தனி ஆப் பற்றி ஒரு பத்தி போதும். ஒரு நிறுவனம் இலவசமாகவே செய்து கொடுத்தது. அழகாக இருந்தது. போனில் இடமில்லை என்று ஒவ்வொருவராக அழித்துவிட்டார்கள். முடிந்தது.

வீடியோ நேர்காணலுக்கு கூகுள் மீட் நன்றாகவே ஓடுகிறது, ஆனால் வீட்டிலிருந்து அல்ல. குழந்தை அழும், டிவி ஓடும், சிக்னல் மாடிக்குப் போனால்தான் கிடைக்கும். எங்கள் அறையிலேயே ஜன்னலுக்கு எதிரே ஒரு நாற்காலி, ஒரு ஹெட்செட், பழைய லேப்டாப் வைத்தோம். திருப்பூர் கம்பெனிக்காரர்கள் அங்கிருந்தே பேசி ஆள் எடுக்கிறார்கள். ஆன்லைனுக்கு மாறியும் ஜனங்கள் நேரில் வருகிறார்களே என்று முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. அக்காவுக்கு இல்லை.

அரசு தளங்களையும் சேர்த்தே பயன்படுத்துகிறோம். மாநிலத்தின் தனியார்துறை வேலை இணையத்தில் பதிந்து கொடுக்கிறோம். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டுமே, அந்தத் தேதி ஷீட்டில் நிறம் மாறி நினைவூட்டும். சின்ன வசதிதான், ஆனால் இதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

இன்னும் தீராதது ரீசார்ஜ். 2024 ஜூலையில் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றிய பிறகு, பழைய நம்பர்கள் பல “தற்போது உபயோகத்தில் இல்லை” ஆகிவிட்டன. வேலை இல்லாத மாதம் ரீசார்ஜ் இல்லை, ரீசார்ஜ் இல்லாமல் சில நாள் போனால் உள்வரும் அழைப்பும் நின்றுவிடும். அப்புறம் வேலை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? இதற்கு என்னிடம் மென்பொருள் இல்லை. அக்கா இரண்டாவது நம்பராகத் தெருமுனை மளிகைக்கடை நம்பரை வாங்கி வைக்கிறார். போன வாரம் ஒரு பேக்கிங் வேலைக்குத் தகவல் போனது அப்படி ஒரு கடை வழியாகத்தான். அந்தக் கடை அண்ணாச்சி இப்போது தன் மகன் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். பி.காம்., டேலி தெரியுமாம்.