எண்ணுவதா, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதா: வாசிப்பை ஆராய இரண்டு வழிகள்

மூன்றாம் வகுப்புக் குழந்தைகளின் தமிழ் வாசிப்பைத் தலைப்பாக எடுக்கும் எம்.எட். மாணவர்கள் பலர், அளவுசார் ஆய்வா (எண்ணி அளப்பது) பண்புசார் ஆய்வா (பார்த்தும் பேசியும் புரிந்துகொள்வது) என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கேள்வியைத் தேடுகிறார்கள். கேள்விதான் முதலில் வர வேண்டும். “எத்தனை பேர் ஒரு பத்தியை வாசிக்கிறார்கள்?”, “அட்டைவழிப் பயிற்சி (பாட அட்டைகளை வைத்துக் கற்பது) கொடுத்தால் வாசிப்பு கூடுமா?” என்று கேட்டால் எண்ண வேண்டும். “திணறும் குழந்தை எந்த இடத்தில் திணறுகிறது?” என்று கேட்டால் அதன் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

எண்ணுவதற்கு நல்ல முன்மாதிரி கிராமப்புறக் குழந்தைகளின் கற்றல் நிலையைப் பார்க்க 2005-இல் தொடங்கிய அசர் (ASER) கணக்கெடுப்பு. மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு, ஆக 600 வீடு. எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என நான்கு படிகள். ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியாக, வீட்டில் வைத்தே வாசிக்கச் சொல்கிறார்கள். பள்ளிக்கே வராத பிள்ளையும் கணக்கில் விழ அதுதான் வழி. எல்லா இடத்திலும் ஒரே விதி என்பதால் ஆண்டோடு ஆண்டை ஒப்பிட முடிகிறது. ஆனால் ஒரு குழந்தை ‘சொல்’ படியில் நிற்கிறது என்று தெரிந்த பிறகு, ஏன் நிற்கிறது என்பதை அந்தத் தாளிடம் கேட்க முடியாது.

அதைக் குழந்தையிடம்தான் பார்க்க வேண்டும். வகுப்பில் நடத்தி முடித்த பாடத்தைக் கையில் கொடுங்கள். பல குழந்தைகள் கடகடவென்று சொல்லிவிடும். அப்போது விரலைக் கவனியுங்கள். வாய் மூன்றாம் வரிக்குப் போயிருக்க, விரல் இரண்டாம் வரியில் நின்றால் அது மனப்பாடம். அதே சொற்களை இடம் மாற்றி எழுதிக் கொடுத்தால் உடனே தெரிந்துவிடும். இன்னொரு குழந்தை ‘கொடி’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பைப் பார்த்து ‘கெ’ என்று தொடங்கும், பின்னால் வரும் துணைக்காலைக் கண்டதும் நின்றுவிடும். புதிய பத்தியைக் கொடுத்தால் மதிப்பெண் தாளில் இருவருக்கும் பூச்சியம்தான். கொடுக்க வேண்டிய பயிற்சியோ முற்றிலும் வேறு.

எத்தனை பேர் வேண்டும் என்பதில்தான் அளவுசார் ஆய்வேடுகள் அதிகம் சறுக்குகின்றன. க்ரெஜ்சி–மார்கன் 1970-இல் வெளியிட்ட அட்டவணையைப் பார்த்து, 10,000 பேருக்கு 370 மாதிரி போதும் என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு தொகையில் இத்தனை விழுக்காடு என்று மதிப்பிடவும், அதுவும் தனி ஆட்களைக் குலுக்கல் முறையில் எடுக்கும்போதும் பொருந்தும் எண் அது. இரண்டு குழுக்களை ஒப்பிடுவது வேறு கணக்கு. அரைத் திட்ட விலக்க (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) வித்தியாசத்தை, 5% பொருளுண்மை மட்டத்தில் (இல்லாத வித்தியாசத்தை உண்டு என்று சொல்லிவிடும் வாய்ப்பு), 80% வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். வித்தியாசம் 0.2 திட்ட விலக்க அளவுதான் இருக்கும் என்று எதிர்பார்த்தால் குழுவுக்கு ஏறக்குறைய 400 பேர்.

இதிலும் ஒரு குழி உண்டு. ஒரே வகுப்பில் படிக்கும் 40 பேர் 40 தனி ஆட்கள் ஆகமாட்டார்கள். ஒரே ஆசிரியர், ஒரே ஊர், ஒரே பழக்கம். அவர்களுக்குள் இருக்கும் ஒற்றுமையைக் காட்டும் உட்குழு ஒட்டுறவு 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 + (40 − 1) × 0.2 = 8.8. பத்து வகுப்பில் எடுத்த 400 பேரை 8.8-ஆல் வகுத்தால் 45 பேருக்குச் சமமான தகவல்தான் கையில் மிஞ்சும். ஆகவே வகுப்புக்கு 40 பேரை அள்ளுவதைவிட, 40 வகுப்புகளில் பத்துப் பத்துப் பேர் எடுப்பது மேல். ஒரு பள்ளியைச் சோதனைக் குழுவாகவும் இன்னொன்றைக் கட்டுப்பாட்டுக் குழுவாகவும் (பயிற்சி பெறாத குழு) வைத்து டி-சோதனை (இரு சராசரிகளை ஒப்பிடும் கணக்கு) போடும் ஆய்வு, பயிற்சியின் பலனையும் ஆசிரியரின் திறமையையும் பிரித்துக் காட்டவே முடியாது. எந்தக் கணினி மென்பொருளும் அதைப் பிறகு சரிசெய்யாது.

கருவி, அதாவது வினாப்படிவம், தயாரிப்பதில் நடைமுறை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: மனப்பான்மை அளவுகோலுக்கு 50, 60 கூற்றுகள் எழுதி முன்னோட்டம் பார்த்து, மேல் 27%, கீழ் 27% பேரை ஒப்பிட்டு, டி மதிப்பு 1.75-க்குக் குறைந்தவற்றை நீக்குவது. எதிர்மறைக் கூற்றுகளுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட மறந்தால் க்ரோன்பாக் ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண்) சரிந்துவிடும். முதலில் அதைப் பாருங்கள். கூற்றுகள் கூடக்கூட ஆல்ஃபாவும் ஏறும் என்பதால், 0.9 வந்துவிட்டது என்று ஏற்புடைமையை (அளக்க நினைத்ததைத்தான் கருவி அளக்கிறதா என்பதை) பார்க்காமல் விட வேண்டாம்.

பண்புசார் ஆய்வு சுலபம் என்று நினைத்து வருபவர்கள் எழுத்துப்படியில் (பேட்டிப் பதிவைக் கேட்டு எழுதுவதில்) மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத ஐந்தாறு மணி நேரம் ஆகும். பேசியதைப் பேசியபடியே எழுத வேண்டும். “பிள்ளைங்க வாசிக்கும் சார், ஆனா தானா வாசிக்காது” என்று ஆசிரியர் சொன்னதை “மாணவர்களிடம் சுயவாசிப்பு குறைவு” என்று மாற்றினால், முதல் பாதியே காணாமல் போகிறது. ஆங்கிலத்தில் பெயர்த்துவிட்டுக் குறியிடுவது (ஒவ்வொரு பகுதிக்கும் அதன் கருத்தைச் சொல்லும் பெயர் கொடுப்பது) இன்னும் மோசம். குறியிடலைத் தமிழிலேயே முடித்துவிட்டு, ஆய்வேட்டில் எடுத்துக்காட்டும் பகுதியை மட்டும் பெயர்க்கலாம்.

கேள்வி கேட்கும் விதமும் முக்கியம். “அட்டைவழிக் கற்றல் பயனுள்ளதா?” என்று கேட்டால், அதுவும் தலைமையாசிரியர் அறையில் வைத்துக் கேட்டால், “நல்லாத்தான் இருக்குங்க” என்பதைத் தவிர வேறு பதில் வராது. “நேத்து தமிழ் பீரியட்ல என்ன நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லுங்க” என்று கேளுங்கள். ஒரே மாதிரியான ஆசிரியர்கள் என்றால் 12 பேரோடு புதிய கருத்து வருவது பெரும்பாலும் நின்றுவிடும். கிராமம், நகரம், உதவிபெறும் பள்ளி என்று கலந்தால் 12 பேர் போதாது. முதல் இரண்டு எழுத்துப்படிகளுக்கு இன்னொருவரும் தனியாகக் குறியிட்டு, எங்கே வேறுபடுகிறீர்கள் என்று பேசிப் பாருங்கள். 12 பேரில் 9 பேர் சொன்னதை “75% ஆசிரியர்கள்” என்று எழுதுவது தவறு. அவர்கள் எந்தத் தொகையின் மாதிரியும் அல்ல.

இரண்டு வழிகளையும் சேர்ப்பதாக இருந்தால் எது முன்னால் என்பதைக் கேள்வியே சொல்லும். தேர்வு முடிவு புதிராக இருந்தால், அதிகமும் குறைவும் எடுத்த சிலரைத் தேடிப் போய்ப் பேசலாம். தமிழ் வாசிப்பில் நாங்கள் பரிந்துரைப்பது இதற்கு நேர்மாறான வரிசை. முதல் இரண்டு வாரம் எட்டுக் குழந்தைகளின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் தடுக்கிய சொல்லையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்: கொம்பு, துணைக்கால், ல–ள–ழ, மெய்யெழுத்து இரட்டிக்கும் இடம். தேர்வுத் தாளை அந்தப் பட்டியலிலிருந்து எடுங்கள், நடத்திய பாடத்தின் வரி எதையும் அதில் சேர்க்காமல்.