முட்டைக் காடை என்று சொல்லி ஆண் காடையை அனுப்பினார்கள்

வீட்டுக்குப் பின்னால் ஒரு கூண்டு வைத்து, முட்டைக்காகக் காடை வளர்க்க நினைப்பவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

"ஏழு வாரக் காடை, எல்லாமே பெட்டை, ஒரு வாரத்துல முட்டை வைக்கும்" என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் போட்டிருந்தவரிடம் முப்பது காடை கேட்டோம். முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டு, ராத்திரி பஸ்ஸில் அட்டைப்பெட்டிகளை ஏற்றிவிட்டார். விடிந்து பார்த்தால் பாதிக்கு மேல் ஆண்.

இது தெரியாமல் நடந்த கலப்பு என்று நான் நம்பவில்லை. நம் ஊரில் வளர்ப்பது ஜப்பானியக் காடை. மூன்று வாரத்திலேயே நெஞ்சைப் பார்த்துச் சொல்லிவிடலாம்: ஆணுக்குப் புள்ளியில்லாத செம்பழுப்பு, பெட்டைக்கு வெளிறிய நெஞ்சில் கறுப்புப் புள்ளிகள். பருவத்துக்கு வந்த ஆணுக்கு ஆசனவாய்க்கு மேலே புடைப்பு இருக்கும், அழுத்தினால் வெள்ளை நுரை வரும். வெள்ளைக் காடையாக இருந்தால் இந்த நுரையைத்தான் பார்க்க வேண்டும்.

மீதியிருந்த பெட்டைகளும் இளசு இல்லை. முதுகில் இறகு உதிர்ந்து, நகம் வளர்ந்து கிடந்தன. முட்டை ஓய்ந்த தாய்க்காடைகள் என்றார் கால்நடை மருத்துவர்.

ஏன் முட்டை வைக்கவில்லை என்று விற்றவரிடம் போனில் கேட்டதற்கு, இடம் மாறிய அதிர்ச்சி என்றார். அப்புறம் வெளிச்சம் போதவில்லை என்றார். இடம் மாறினால் சில நாள் முட்டை நிற்பதும், தினமும் 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் தேவைப்படுவதும் உண்மைதான். அதனால்தான் புதிதாக வளர்ப்பவர்கள் இதை நம்பிக் காத்திருக்கிறார்கள். ஆனால் ஆணை ஏன் அனுப்பினீர்கள் என்ற கேள்விக்கு அது பதில் இல்லையே. அதைக் கேட்ட பிறகு போனையே எடுக்கவில்லை. இதற்குள் ஆண்கள் ஒன்றையொன்று தலையில் கொத்திக் காயப்படுத்தி, சில செத்தும் போயின. பணம் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

வாங்குவதாக இருந்தால் பகலில் நேரில் போங்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து நெஞ்சைப் பாருங்கள். நான்கு வாரக் காடையாக வாங்குவது நல்லது. ஆண், பெண் தெரிந்துவிடும், உடம்பு சிறிதாக இருப்பதால் கிழட்டுக் காடையைக் கலக்கவும் முடியாது. சாப்பிடும் முட்டைக்கு ஆணே தேவையில்லை, அதனால் "ஜோடியாத்தான் தருவோம்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒருநாள் குஞ்சைக் காட்டி எல்லாம் பெட்டை என்பவரிடமும் வாங்காதீர்கள், அந்த வயதில் நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ முதலில் கேளுங்கள்.

அந்த ஆள் இப்போது வேறு எண்ணிலிருந்து, அதே கூண்டுப் படத்தைப் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார்.