ஹை-ஃபையா, நார்மலா? ஒரு வீடியோ கேசட் ரெக்கார்டரின் ஒலித் தேர்வுகள்

வீட்டிலுள்ள பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றுவதற்காக, வேறொருவர் பயன்படுத்திய வி.எச்.எஸ். ஹை-ஃபை ரெக்கார்டர் ஒன்றை வாங்கி இரண்டு மாதங்களாக ஓட்டி வருகிறேன். படத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என்னை அலைக்கழித்தது, ரிமோட்டில் 'ஆடியோ' என்ற பெயருடன் இருக்கும் ஒற்றைப் பொத்தான்தான்.

அதை அழுத்த அழுத்த ஸ்டீரியோ, இடது, வலது, நார்மல், மிக்ஸ் என்று தேர்வுகள் மாறிக்கொண்டே வரும். ஒரே நாடாவில் ஒலி இரண்டு இடங்களில் பதிவாவதால்தான் இத்தனை தேர்வுகள். நார்மல் என்பது நாடாவின் விளிம்பில் ஏறக்குறைய 1 மி.மீ. அகலத்தில் ஓடும் தடம். அதை அசையாத ஹெட் (நாடாவைப் படிக்கும் காந்த முனை) ஒன்று படிக்கிறது. பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் நாடா நொடிக்கு 23.39 மி.மீ. மட்டுமே நகர்கிறது, சாதாரண ஆடியோ கேசட்டின் வேகமே 47.6 மி.மீ. என்பதால், இந்தத் தடத்தில் ஒலி மங்கியும் இரைச்சலோடும் கேட்பதில் வியப்பில்லை. நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டும் எல்.பி. முறையில் பதிந்திருந்தால் இன்னும் மோசம். ஸ்டீரியோ, இடது, வலது ஆகிய தேர்வுகளில் கேட்கும் ஹை-ஃபை ஒலியையோ, நிமிடத்துக்கு 1500 முறை சுழலும் டிரம் என்ற உருளையிலுள்ள ஹெட்கள், படத்துக்கு அடியில், நாடாவின் பூச்சில் சற்று ஆழமாகப் பதிகின்றன. நல்ல நாடாவில் அதன் தெளிவு குறுந்தட்டுக்கு அருகில் வருகிறது.

ஆனால் தேய்ந்த நாடாவில் கதை வேறு. டிராக்கிங், அதாவது ஹெட் தடத்தோடு சரியாகப் பொருந்தி ஓடுவது, சிறிது விலகினாலும் ஹை-ஃபையில் 'டர்ர்' என்ற உறுமல் எழும். அது அதிகமானால் ரெக்கார்டர் தானாகவே நார்மலுக்குத் தாவிச் சில நொடிகளில் திரும்பி வரும். ஒலி இப்படித் திறந்து மூடிக்கொண்டிருப்பதைக் கேட்பதைவிட, தொடக்கத்திலேயே நார்மலைத் தேர்ந்துவிடுவது நல்லது. மங்கலாக இருந்தாலும் அந்த ஒலி ஒரே சீராக வரும்.

இந்தப் பொத்தானின் அருமையை எனக்குக் காட்டியது ஒரு சுற்றுலா நாடா. முதலில் ஹை-ஃபையில் ஓட்டியபோது காற்றின் இரைச்சலும் சிறுவர்களின் கூச்சலும் மட்டுமே கேட்டன. பின்னாளில் அப்பா பேசிச் சேர்த்த விளக்கவுரை அழிந்துவிட்டது என்றே நினைத்தேன். நார்மலுக்கு மாற்றியதும், ஒவ்வொருவர் பெயராக நிதானமாகச் சொல்லிச் செல்லும் அவர் குரல் வந்தது. ஹை-ஃபை ஒலி படத்தோடு பிணைந்திருப்பதால், படத்தை அழிக்காமல் அதன்மீது எதையும் பதிய முடியாது. பின்னர் சேர்க்கும் குரல் விளிம்புத் தடத்துக்குத்தான் போகும். இரண்டையும் சேர்த்துக் கேட்கத்தான் மிக்ஸ். இரு தடங்களிலும் ஒரே ஒலி இருக்கும் நாடாவை மிக்ஸில் ஓட்டினால், குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிறது; அங்கே அதைத் தொடாதீர்கள்.

இந்தக் கருவியில் எனக்கு இரண்டு குறைகள் உண்டு. பதிவின் அளவைக் கையால் கூட்டிக் குறைக்கும் குமிழ் இல்லை, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மின்சாரத்தை நிறுத்தினால் கடைசியாக வைத்த தேர்வை மறந்து ஸ்டீரியோவுக்கே திரும்பிவிடுவதுதான் எரிச்சல். அதனால் அப்பாவின் நாடா உறைமேல் 'நார்மலில் போடவும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.