மொத்தமாக அடிப்பதா, சின்ன லாட்டா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்று பவர் பிரஸ் (இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின்) வைத்து பிராக்கெட் அடிக்கிறோம். பீஸுக்கு வடிவம் கொடுக்கிற அச்சான டையை மாட்டிய கையோடு மாசத்துக்கும் மேல் வருகிற சரக்கை அடித்து அடுக்குவதா, இரண்டு வாரத்துக்கு மட்டும் அடித்துவிட்டு டையை மாற்றுவதா என்று எனக்கும் மச்சானுக்கும் ஒரு வருஷ இழுபறி. ஒரு தடவையில் அடிக்கிற அளவுதான் லாட்; கடைசியில் சின்ன லாட் பக்கம் வந்தோம். நான் எப்போதும் அந்தப் பக்கம்தான்.

பெரிய லாட்டில் மெஷின் நிற்காது, அவசரத்துக்குச் சரக்கு இருக்கும். சின்ன லாட்டில் பணமும் இடமும் முடங்காது. இதெல்லாம் தெரிந்ததுதான். முடிவைத் தீர்மானிப்பது டை மாற்றும் நேரம்.

எவ்வளவு அடித்தால் கட்டுப்படியாகும் என்பதற்கு ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்க இன்ஜினியர் 1913-லேயே சூத்திரம் கொடுத்துவிட்டார். வருஷத் தேவையை ஒரு தடவை டை மாற்றும் செலவால் பெருக்கி, இரட்டித்து, ஒரு பீஸை வருஷம் முழுக்க வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். எங்கள் பிராக்கெட் ஒன்றுக்கு 60,000 பீஸ், 600 ரூபாய், 2 ரூபாய் என்று போட்டால் 6,000 வரும். "பாருங்க மாப்ளே, கணக்கே மொத்தமா அடிக்கச் சொல்லுது" என்றார் மச்சான். கணக்கு சரிதான். அந்த 600-ஐக் கல்வெட்டாக எடுத்துக்கொண்டதுதான் தப்பு. அதை 150 ஆக்கினால் விடை 3,000. செலவு கால் பங்கானால் லாட் பாதியாகிறது.

600 ரூபாய் என்பது இரண்டு மணி நேர வேலை. ஒருநாள் போனில் டைமர் போட்டுப் பக்கத்திலேயே நின்றேன். ஐம்பது நிமிஷம் தேடலிலேயே போயிற்று: ஸ்பேனர் அடுத்த பிரஸ்ஸில், ஒரு கிளாம்ப் போல்ட் மட்டும் வேறு சைஸ், உயரம் சரிக்கட்டத் தகடு துண்டுகள். ஜப்பானிய இன்ஜினியர் ஷிகியோ ஷிங்கோ சொன்னது இதைத்தான்: மெஷின் ஓடும்போதே செய்ய முடிந்ததை, அதை நிறுத்திவிட்டுச் செய்யாதே. 1969-ல் டொயோட்டாவின் 1,000 டன் பிரஸ்ஸில் நாலு மணி நேர வேலையை முதலில் 90 நிமிஷமாக்கி, அப்புறம் 3 நிமிஷத்துக்குக் கொண்டுவந்தார். நாங்கள் போல்ட்டையெல்லாம் ஒரே சைஸாக்கினோம், டைகளுக்கு அடியில் பிளேட் வைத்து வெல்டு செய்து ஒரே உயரமாக்கினோம், அடுத்த டையை முன்கூட்டியே தள்ளுவண்டியில் கொண்டுவந்து நிறுத்தினோம். இப்போது அரை மணி நேரம்.

கூடவே ஒரு லாபம். முன்பு பஞ்ச் (துளை போடுகிற முனை) மழுங்கித் துளை ஓரமெல்லாம் பிசிரோடு 6,000 பீஸ் மூன்று வாரம் ரேக்கில் கிடந்து, கஸ்டமர் திருப்பி அனுப்பிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. இப்போது பிசிர் வந்தாலும் அவ்வளவு தூரம் போகாது.

வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டும் மாட்டுகிற டைகளில் இன்னும் மொத்தமாகத்தான் அடிக்கிறோம். இருபது பிரஸ் ஓடுகிற இடத்தில் இது எப்படி வேலை செய்யும் என்று என் மூன்று பிரஸ் அனுபவத்தை வைத்துச் சொல்ல மாட்டேன்.

பிராக்கெட் அடிக்க வாங்குகிற ஷீட்டைக் கையிருப்பு வைக்கிற விஷயத்தில் மட்டும் நான் மச்சான் பக்கம். 1997-ல் டொயோட்டாவுக்குப் பாகம் கொடுக்கிற ஐசின் ஆலை தீப்பிடித்து பிரேக் வால்வு வராமல் டொயோட்டாவே சில நாள் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் தண்ணீர் எங்கள் எஸ்டேட்டுக்குள் வந்தது. அதனால் மூன்று வார ஷீட் எப்போதும் இருக்கும், தரையிலிருந்து இரண்டு அடி மேலே.