தரகருக்கு 3 வீதம் தகுமா? பண்டாரவளை வீட்டை விற்ற அனுபவம்

இலங்கை மலையகத்தில் எங்கள் பக்கத்தில் வீடு விற்கிறவர் தரகருக்குக் கொடுப்பது வழக்கமாக விலையில் 3 வீதம். பேசினால் சிலர் 2 வீதத்துக்கு இறங்குவார்கள். ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு 3 வீதம் என்றால் மூன்று லட்சம். "ஆள் காட்டினதுக்கு மூன்று லட்சமா?" என்று கேட்காத குடும்பம் மலையகத்தில் இருக்காது. பண்டாரவளையில் அப்பா கட்டிய வீட்டை விற்கும்போது எங்கள் வீட்டிலும் அதே கேள்விதான். கடைசியில் கொடுத்தோம். இவ்வளவு காலம் கழித்து யோசித்தாலும் அந்தக் காசு வீண் போகவில்லை என்றே சொல்வேன். அவர் செய்ததில் ஆள் காட்டியதுதான் மிகச் சின்ன வேலை.

முதலில் நாங்களே விற்கப் பார்த்தோம். இக்மன் இணையதளத்தில் போட்டோம், வீரகேசரி ஞாயிறு இதழில் வரி விளம்பரம் கொடுத்தோம், கேட்டில் மூன்று மொழியிலும் எழுதிப் பலகை தொங்கவிட்டோம். போன் வராமல் இல்லை. ஆனால் அழைத்தவர்களில் பாதிக்கு மேல் தரகர்கள். மீதிப் பேர் 'கடைசி விலை என்ன' என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். அதற்குள் 2022 ஏப்ரல் வந்தது. மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 வீதப் புள்ளி ஏற்றியதும், வங்கிக் கடனில் வீடு வாங்கலாம் என்று இருந்தவர்கள் எல்லோரும் காணாமல் போனார்கள். டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு மேல் போனது. டொரொண்டோவில் இருக்கும் அண்ணன் டொலரில் கணக்குப் பார்த்து "இந்த விலைக்குக் கொடுக்கவே கூடாது" என்றார். ஊரில் இருக்கிறவர்கள் "இந்த விலைக்கு யார் வாங்குவான்" என்றார்கள். அம்மாவுக்குத்தான் பாவம், இரண்டு பக்கமும் கேட்க வேண்டியிருந்தது.

அப்புறம் ஒரு தரகரிடம் போனோம். பெயர் வேண்டாம். அவர் முதல் நாளே ஓட்டச் செலவுக்கு என்று காசு கேட்டார். அவர் கூட்டி வந்தவர்களில் பலர் எல்ல என்கிற சுற்றுலா ஊருக்குப் போகிற வழியில் ஒரு வீட்டையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். "உங்க கைக்கு எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, அதுக்கு மேலே வர்றது எனக்கு" என்று ஒரு பேச்சு எடுத்தார் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மலையகத்தில் நிறையப் பேர் இந்தப் பேச்சுக்குச் சம்மதித்துவிடுகிறார்கள். கொமிஷனே இல்லை என்பது போலத் தோன்றும். உண்மையில் நடப்பது வேறு. தரகர் தன் பங்குக்காக விலையை ஏற்றிச் சொல்வார், வீடு மாதக்கணக்கில் விலைபோகாமல் கிடக்கும், 'அந்த வீட்டில் ஏதோ குறை' என்று ஊரில் பேச்சு எழும். விற்றாலும் சிக்கல் தீராது. வாங்குகிறவர் ஒரு தொகை கொடுப்பார், நமக்கு வேறு தொகை வரும், காணி உறுதிப் பத்திரத்தில் எதை எழுதுவது? கையெழுத்துப் போடுகிறவர் நாம். கைக்கு வந்த தொகை இவ்வளவு என்று உறுதி எழுதுகிற நொத்தாரிசு முன்னால் ஒப்புக்கொள்கிறவரும் நாம்தான். தெரிந்தவர், சொந்தக்காரர் யார் சொன்னாலும் இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

கடைசியில் எங்கள் வேலையை முடித்துக் கொடுத்தவர் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை, விலையும் கேட்கவில்லை. "தம்பி, விலை பிறகு பேசுவம். முதல்ல பைலைக் கொண்டாங்க" என்றார். உறுதி, சேவையர் பிளான், உள்ளூராட்சிக்குக் கட்டிய சோலைவரி ரசீதுகள், கட்டட அனுமதி எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். வெகு நேரத்துக்குப் பிறகு பிளானில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். "உங்க வேன் எந்த வழியால வருது?"

பிளானில் எங்கள் வீட்டுக்கு இருந்தது ஆறடி நடைபாதை மட்டும். வேன் வருகிற வழி பக்கத்து வீட்டுக்காரருடைய காணியின் ஓரம். அப்பா காலத்தில் வாய்வார்த்தையில் விட்டுக்கொடுத்தது. நாங்கள் பிறந்ததிலிருந்து அந்த வழியால்தான் போய் வருகிறோம், அது எங்களுடையது இல்லை என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. ஆனால் வாங்க வருகிறவர் வங்கிக்குப் போனால், வங்கி லோயர் முப்பது வருட உறுதித் தொடரைத் தேடும்போது இதைத்தான் முதலில் பிடிப்பார். வாகன வழி எழுத்தில் இல்லாத காணிக்குக் கடன் கிடைப்பது கஷ்டம். கடன் இல்லாமல் கைக்காசில் வாங்க வருகிறவர் இதையே காட்டி விலையை அடிப்பார்.

பக்கத்து வீட்டில் இருப்பது சிங்களக் குடும்பம். அவர்களோடு நாங்கள் நல்லபடியாகத்தான் பழகினோம். ஆனாலும் காணி விஷயத்தைச் சிங்களத்தில் உட்கார்ந்து பேசுகிற அளவுக்கு எங்களில் யாருக்கும் மொழி வராது. தரகர் போனார். ஒரே தடவையில் முடியவில்லை. அவர்களுக்கும் ஒரு கவலை இருந்தது. மழைக்கு எங்கள் பக்கத்துத் தண்ணீர் அவர்கள் முற்றத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் செலவு செய்து தண்ணீர் போக ஒரு காண் கட்டிக் கொடுப்பது, அவர்கள் பத்தடி வழி உரிமையை எழுதிக் கொடுப்பது என்று பேசி முடித்தார். சேவையர் வந்து அளந்தார், நொத்தாரிசு உறுதி எழுதினார், அது காணிப் பதிவகத்தில் பதிவானது. அதற்குப் பிறகுதான் அவர் விலையைப் பற்றியே வாய் திறந்தார். அந்த மூன்று லட்சத்தில் பெரும்பங்கு இந்த ஒரு வேலைக்கே சரி என்று நினைக்கிறேன். எவ்வளவு விளம்பரம் போட்டாலும் இது நடந்திருக்காது.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், அக்காவின் அற்றோணித் தத்துவத்தையும் (அவர்களுக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம்) விற்பனைக்கு ஆள் வருவதற்கு முன்பே எடுத்துப் பதிவு செய்ய வைத்தார் தரகர். வாங்குகிறவர் வந்த பிறகு அதைத் தேடி ஓடினால் அவர் வேறு வீடு பார்த்துவிடுவார் என்பது அவர் கணக்கு.

வீட்டைக் காட்டுவதிலும் அவருக்கென்று ஒரு ஒழுங்கு இருந்தது. காலை பத்து மணிக்குத்தான் ஆட்களை வரச் சொல்வார். பின்னேரம் மூடுபனி இறங்கிவிட்டால் பள்ளத்தாக்கும் தெரியாது, சுவரில் ஈரம் மட்டும்தான் தெரியும். பண்டாரவளை இருக்கிற ஊவாப் பக்கத்தில் ஒக்டோபரிலிருந்து மழை, அதனால் பெப்ரவரி, மார்ச்சுக்காகக் காத்திருந்தார். பின்பக்கத் தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிகிற துவாரங்கள் பாசி அடைத்துக் கிடந்தன. ஒரு கம்பியை எடுத்து அவரே ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்துவிட்டார். வாங்க வருகிறவர் வரவேற்பறையைப் பார்ப்பதற்கு முன்னால் பின்மேட்டைப் பார்ப்பார் என்று அவருக்குத் தெரியும். 2014இல் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை இங்கே யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து போன பிறகு மண்சரிவைப் பற்றிக் கேட்காமல் யாரும் வீடு பார்ப்பதே இல்லை. இப்போது விற்கிறவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். அதை எடுக்கச் சொல்லாத தரகருக்கு 3 வீதம் கேட்கத் தகுதியில்லை.

வாங்கியவர் கொழும்புப் பக்கத்து ஆள். விலை பேசும்போது எங்களை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு, "மாத்தயா" (ஐயா) என்று சிரித்தபடியே தரகர்தான் பேசினார். வாங்குகிறவருக்கு முத்திரைத் தீர்வையே பெரிய செலவு. முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், அதற்கு மேல் 4 வீதம். ஒரு கோடிக்கு 3,99,000 ரூபாய் வருகிறது. அதனால் உறுதியில் விலையைக் குறைத்து எழுதலாமா என்று அவர் கேட்டார். தரகர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். தீர்வை கணக்கிடுவது சந்தைப் பெறுமதிக்குத்தான், பிறகு மாகாண இறைவரிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தால் இரண்டு பக்கத்துக்கும் தலைவலி என்று எடுத்துச் சொன்னார். சரி என்று முழு விலையும் உறுதியில் ஏறியது.

வருமான வரி விஷயத்தில் மட்டும் தரகர் சொல்வதைக் கேட்டு நடக்காதீர்கள், லோயரிடம் கேளுங்கள். 2018 ஏப்ரலிலிருந்து மூலதன ஆதாய வரி இருக்கிறது. விற்பதற்கு முந்திய மூன்று வருடமும் சொந்தமாக இருந்து, அதில் இரண்டு வருடமாவது குடியிருந்த சொந்த வீட்டுக்கு விலக்கு உண்டு. எங்களுக்கு இதைச் சொன்னது லோயர்தான்.

எல்லோருக்கும் தரகர் தேவை என்று சொல்ல வரவில்லை. ஹட்டனில் சித்தப்பா தன் வீட்டைப் பக்கத்து வீட்டுக்காரருக்கே கொடுத்தார். உறுதி சுத்தம், வழி சுத்தம், விலையும் இருவருக்கும் தெரியும். நொத்தாரிசு ஒருவர், சாட்சி இருவர், வேலை முடிந்தது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் கேட்பது அவ்வளவுதான்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளர் இருக்கிற லயத்துக் காம்பராக்களையும், உறுதி இல்லாத தோட்டக் காணிகளையும் சத்தியக் கடதாசி (அபிடவிட்) எழுதி விற்றுக் கொடுக்கிறோம் என்று சிலர் கொமிஷன் வாங்குகிறார்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியையும் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் இப்படித்தான் கைமாற்றுகிறார்கள். சத்தியக் கடதாசியால் காணி கைமாறாது. கொழுந்து பறித்துச் சேர்த்த காசையும், மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசையும் கொடுத்துவிட்டு, கையில் ஒரு கடதாசியோடு நிற்கிற நம் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு சதம்கூடக் கொமிஷன் கொடுக்காதீர்கள்.

இப்போது வெலிமடையில் அத்தையின் வீடு விற்பனைக்கு இருக்கிறது. அதே கணக்கப்பிள்ளை ஐயாவிடம்தான் கொடுத்திருக்கிறோம். பத்திரங்கள் எல்லாம் நேராக இருப்பதால் 2 வீதத்துக்குச் சம்மதித்தார். முற்பணம் கிடையாது, வேறு தரகர் ஆள் கொண்டு வந்தாலும் தடை கிடையாது. சொந்தக்காரர் யாராவது வாங்கினால் ஐயாவுக்கு ஒன்றும் கிடையாது. மற்றபடி உறுதியில் கையெழுத்தாகி வங்கிக் காசோலை அத்தையின் கைக்கு வந்த அன்றே அவர் காசு. இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கிறார்கள்.