மேக்னெட்டோவா, எலக்ட்ரானிக் இக்னிஷனா? பழைய பிரிட்டிஷ் ட்வின் வைத்திருப்பவர்களுக்கு

பி.எஸ்.ஏ. ஏ10, 1962 வரை வந்த ட்ரயம்ஃப் 650, அதே காலத்து நார்ட்டன் ட்வின் (இரண்டு சிலிண்டர் மோட்டார் சைக்கிள்) என்று பலவற்றிலும் சிலிண்டருக்குப் பின்னால் இருப்பது, தானே மின்சாரம் உண்டாக்கி பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் லூகாஸ் கே2எஃப் மேக்னெட்டோ. அதையே சீர்செய்து ஓட்டுவதா, கழற்றிவிட்டு, பேட்டரி மின்சாரத்தில் தீப்பொறி தரும் எலக்ட்ரானிக் பெட்டிக்கு மாறுவதா என்பதுதான் கேள்வி. நான் தேர்ந்தெடுத்தது மேக்னெட்டோ, அதுவும் முழுதாகப் பிரித்து மறுசுற்று (உள்ளிருக்கும் கம்பியைப் புதிதாகச் சுற்றுவது) செய்தது. இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

முதலில் எல்லோரும் அறிந்தவை. எலக்ட்ரானிக்கில் தேய்வதற்கு பாயிண்ட் (திறந்து மூடி மின்னோட்டத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) இல்லை, கிக்கரை லேசாக மிதித்தாலும் தீப்பொறி வரும், ஐட்லிங் சீராக நிற்கும். மேக்னெட்டோவுக்கு பேட்டரி வேண்டாம், வண்டியும் பழைய தோற்றத்திலேயே இருக்கும். விற்கும்போது அசல் மேக்னெட்டோவுக்கு மதிப்பு உண்டு. மாற்றினாலும் பழையதைத் தூக்கிப் போடாமல் பெட்டியில் போட்டு வையுங்கள். இவை எதுவும் முடிவைத் தீர்மானிப்பதில்லை.

தீர்மானிப்பது, காந்தத்தின் நடுவே சுழலும் கம்பிச்சுருளான ஆர்மேச்சருக்குள் ஒளிந்திருக்கும் கண்டன்சர் (மின்சாரத்தைச் சற்று நேரம் தேக்கும் சிறு பாகம்). மேக்னெட்டோவுக்கு வந்த கெட்ட பெயரில் பெரும்பங்கு இதனால்தான். அறிகுறி எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். காலையில் வண்டி ஒரே மிதியில் பிடிக்கும். இருபது கிலோமீட்டர் நன்றாக ஓடும். டீ குடிக்க நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் எத்தனை மிதித்தாலும் பிடிக்காது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் பிடித்துக்கொள்ளும்.

ஏன் இப்படி? பாயிண்ட் திறக்கும் நொடியில் பிரைமரி சுற்றில் (ஆர்மேச்சரின் தடித்த கம்பிச் சுருள்) ஓடும் மின்னோட்டம் சட்டென்று நிற்க வேண்டும். அப்போதுதான் காந்தப்புலம் வேகமாகச் சரிந்து செகண்டரியில் (மெல்லிய கம்பிச் சுருள்) ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். கண்டன்சர் அந்த மின்னோட்டத்தை ஒரு கணம் வாங்கிக்கொண்டு பாயிண்டில் பொறி பறக்காமல் பார்த்துக்கொள்கிறது. அந்தக் காலக் கண்டன்சர் காகிதம் சுற்றியது. அறுபது வருடத்தில் ஈரம் ஏறியிருக்கும். சூடானதும் கசியத் தொடங்கும், வோல்டேஜ் எழாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஆர்மேச்சர் வேகமாகச் சுற்றுவதால் மின்சாரம் தாராளமாக இருக்கும், கசிவு தெரியாது. மேக்னெட்டோ எப்போதும் இன்ஜினின் பாதி வேகத்தில்தான் சுற்றும், கிக்கரில் மிதிக்கும்போது அந்த வேகம் மிகக் குறைவு. அப்போது கிடைக்கும் கொஞ்சநஞ்சத்தையும் கசிவு தின்றுவிடுகிறது. ஓடும்போது நன்றாக இருந்த வண்டி நிறுத்தியதும் முரண்டு பிடிப்பது இதனால்தான்.

இதை மல்டிமீட்டரில் கண்டுபிடிக்கப் பார்த்தால் ஏமாறுவீர்கள். கண்டன்சர் பிரைமரி சுற்றுக்கு இணையாக இருக்கிறது. அந்தச் சுற்றின் மின்தடை அரை ஓம் அளவுதான், அதனால் மீட்டர் அதை மட்டுமே காட்டும். கண்டன்சரைத் தனியாகப் பிரித்து, சூடாக்கி, சில நூறு வோல்ட் கொடுக்கும் மெக்கர் (மின்கசிவு சோதிக்கும் கருவி) வைத்துத்தான் சோதிக்க வேண்டும். வீட்டிலேயே ஒரு குறிப்பு கிடைக்கும். பாயிண்ட் மூடியைக் கழற்றி, இருட்டில் ஒருவர் கிக்கரை மிதிக்க இன்னொருவர் பாருங்கள். பாயிண்ட் நடுவே பளிச்சென்று நீலப் பொறி தெரிந்தால் கண்டன்சர் மீது சந்தேகப்படலாம்.

மாற்றுவதிலும் ஒரு கண்ணி உண்டு. கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு ஃபிலிம் கண்டன்சரை, மதிப்பு 0.1 முதல் 0.2 மைக்ரோஃபாரட்டுக்குள் பொருந்துகிறதே என்று வைத்தால் சில வருடங்களில் பழைய கதைதான். ஒவ்வொரு முறை பாயிண்ட் திறக்கும்போதும் அது திடீர் மின்னோட்டத்தைத் தாங்க வேண்டும், கூடவே சூடும் அதிர்வும். மதிப்பை மட்டும் பார்க்காமல் வோல்டேஜ், வெப்பநிலை, பல்ஸ் தாங்கும் திறன் மூன்றையும் பாருங்கள். பாயிண்ட் பக்கத்திலேயே பொருத்தும் பலஅடுக்கு செராமிக் வகையும் இப்போது வருகிறது. ஆனால் உள்ளே இருக்கும் பழையது இணைப்பில் இருக்கும்வரை புதிதாக எதைச் சேர்த்தாலும் கசிவு நிற்காது. பழையதைத் துண்டித்தே ஆக வேண்டும்.

ஆர்மேச்சரைப் பிரிக்கும்போது செகண்டரி சுற்றையும் விட்டுவைக்காதீர்கள். பழைய ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) சூட்டில் இளகி வெளியே வழிந்து ஆர்மேச்சரையே ஒட்டிப் பிடித்துவிடும். புதுச் சுற்றுக்கு எபாக்சி பூசியிருக்க வேண்டும். ஆர்மேச்சரை வெளியே எடுத்தால் காந்தம் வலு இழக்கும், ஆகவே பூட்டிய பிறகு மீண்டும் காந்தம் ஏற்றச் சொல்லுங்கள். சுழலும் ஆர்மேச்சரை மேக்னெட்டோவின் உடலோடு மின்தொடர்பில் வைக்கும் எர்த் பிரஷ்ஷை மறக்காதீர்கள். அது அழுக்கேறினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதை அரித்துவிடும்.

இவ்வளவும் ஒருமுறை சரியாகச் செய்தால் பிறகு வேலை கொஞ்சம்தான். பாயிண்ட் இடைவெளி 0.012 அங்குலம், பிளக் இடைவெளி 0.018 முதல் 0.020 அங்குலம். அவ்வப்போது பிளக் வயருக்கு மின்சாரம் எடுத்துத் தரும் பிக்கப்பைக் கழற்றி, பெட்ரோலில் நனைத்த துணியை ஸ்லிப் ரிங் (பிக்கப் உரசும் வளையம்) மீது அழுத்தி வைத்து இன்ஜினைச் சுற்றித் துடைத்தால் போதும். பிளக் வயரைக் கழற்றித் தொங்கவிட்டு மட்டும் கிக்கரை மிதிக்காதீர்கள். வெளியே போக வழி கிடைக்காவிட்டால் வோல்டேஜ் சுற்றுக்குள்ளேயே ஓட்டை போடலாம்.

டைமிங்கில் கே2எஃப்புக்கு ஒரு நிஜமான குறை உண்டு. பாயிண்டைத் திறக்கும் கேம் ரிங் தேய்ந்தோ மையம் விலகியோ இருந்தால் இரண்டு சிலிண்டருக்கும் தீப்பொறி ஓரிரு டிகிரி முன்பின்னாக வரும். இரண்டு பக்கமும் தனித்தனியாக, பாயிண்ட் நடுவே சிகரெட் தாள் வைத்து, அது நழுவும் இடத்தைப் பார்த்துச் சோதியுங்கள். வித்தியாசம் இருந்தால் கேம் ரிங்கைக் கல்லில் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும், பொறுமை தேவைப்படும் வேலை. எலக்ட்ரானிக் இந்த விஷயத்தில் எளிதாக ஜெயிக்கிறது.

அப்படியானால் எலக்ட்ரானிக்குக்கு ஏன் போகவில்லை? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ10-இல் விளக்குக்கும் பேட்டரிக்கும் மின்சாரம் தருவது லூகாஸ் இ3எல் டைனமோ, 6 வோல்ட், 60 வாட். பெரும்பாலான எலக்ட்ரானிக் கிட்டுக்கு 12 வோல்ட் வேண்டும். ரெகுலேட்டரை மாற்றி 12 வோல்ட் ஆக்கினாலும் வாட் அதிகமாகாது, ஆக நல்ல வேகத்தில் 5 ஆம்பியர். 35 வாட் ஹெட்லைட்டுக்கு மட்டும் 3 ஆம்பியர், இக்னிஷனுக்கு இரண்டு மூன்று, பின்விளக்கு தனி. இரவில் வரவைவிடச் செலவு அதிகம். நெரிசலில் மெதுவாக ஊர்ந்தால் டைனமோ சார்ஜே கொடுக்காது. பேட்டரி இறங்க இறங்க பழைய அனலாக் பெட்டிகள் தாறுமாறாகப் பொறி விடும், கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். டிஜிட்டல் வகைகள் குறைந்த வோல்டேஜைத் தாங்குகின்றன, ஆனாலும் பேட்டரி முழுதாக இறங்கினால் வண்டி நின்றுவிடும். மேக்னெட்டோவில் டைனமோவே எரிந்துபோனாலும் பகலில் வீடு வந்து சேரலாம்.

எலக்ட்ரானிக்கே வேண்டும் என்றால் நான்கு இடங்களில் கவனம். வேகத்துக்கேற்பத் தீப்பொறியை முன்னதாக வரவைக்கும் பழைய ஆட்டோ அட்வான்ஸ் கியரைக் கழற்றி நிலையான கியர் போடுங்கள். பெட்டி தானாகவே அட்வான்ஸ் செய்வதால் இரண்டும் சேர்ந்தால் பிஸ்டன் ஓட்டையாகும். இந்த வண்டிகள் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டிச் சட்டத்தோடு இணைந்திருக்கும்). வயரை மாற்றிக் கொடுத்தால் பெட்டி அந்த நொடியே போய்விடும். 5 கிலோ ஓம் பிளக் கேப் கட்டாயம். எலக்ட்ரானிக்கின் சென்சார் இருக்கும் பிக்கப் தட்டிலிருந்து வரும் வயர் இணைப்பு அதிர்வில் முறியும், அதை இழுபடாமல் கட்டி வையுங்கள்.

பேட்டரியே தேவைப்படாத எலக்ட்ரானிக் மேக்னெட்டோ மூன்றாவது வழி. பி.டி.எச். பெயரில் வருவது பார்க்கப் பழைய மேக்னெட்டோ போலவே இருக்கும், உள்ளே சொந்த ஜெனரேட்டரும் எலக்ட்ரானிக் அட்வான்ஸும். அசல் மேக்னெட்டோ தொலைந்த நிலையில் கைக்கு வந்த வண்டிக்கு இதுதான் நல்ல தேர்வாகத் தோன்றுகிறது. ஆனால் வழியில் பழுதானால் ரிப்பேருக்கு இடமில்லை, ஃபீலர் கேஜும் உப்புத்தாளும் உதவாது.

இந்தத் தீர்ப்பு டைனமோ வண்டிக்குத்தான் முழுதாகப் பொருந்தும். 1963-இல் வந்த யூனிட் ட்ரயம்ஃபில் (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில்) ஆல்டர்னேட்டரும், மேக்னெட்டோவுக்குப் பதில் பேட்டரி மின்சாரத்தில் இயங்கும் காயில் இக்னிஷனும் இருக்கின்றன. அதில் பாயிண்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் போட யோசிக்கவே வேண்டாம். 1960 முதல் 1962 வரை வந்த, யூனிட்டுக்கு முந்தைய ட்ரயம்ஃப் போனவில்லில் மேக்னெட்டோவும் ஆல்டர்னேட்டரும் சேர்ந்தே உண்டு, அங்கே மின்சாரக் கணக்கு இவ்வளவு இறுக்கமில்லை.

மேக்னெட்டோவை மறுசுற்றுக்குக் கொடுக்கும் முன் பணிமனையில் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன வகைக் கண்டன்சர், எங்கே வைக்கிறீர்கள்? பூட்டிய பிறகு காந்தம் ஏற்றுவீர்களா? சூடாக்கி, நிமிடத்துக்கு 150 சுற்றுக்குக் கீழே ஓட்டி, 5 மில்லிமீட்டர் இடைவெளியில் பொறி தவறாமல் வருகிறதா என்று பார்ப்பீர்களா? மூன்றாவதற்குத் தயங்கினால் வேறு இடம் தேடுங்கள்.